இருபது மீட்டர் உயரம்

மேலே எறிந்த எந்தப் பொருளும் ஒரு கணம்தான் உச்சத்தில் இருக்கும்; பிறகு இறங்கியே தீரவேண்டும். இதை மாற்ற எந்தச் சாமிக்கும் அதிகாரம் கிடையாது என்று திருக்குமரன் முடிவு செய்திருந்தான்.

கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்தின் திடலில் அவனும் பிரமிளாவும் காலேஜ் ப்ராஜெக்டுக்காக நின்றார்கள். ஒரு பொருளை எறிந்து, படம்பிடித்து, இருபடிச் சார்பின் உச்ச மதிப்பைக் காணவேண்டும்.

பிரமிளா செருப்பைக் கழற்றிவிட்டு, யாருமில்லாத மூலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஐயா, உத்தரவு கொடுங்க."

"யார்கிட்ட லா கேக்குற?"

"எடத்துக்காரர்கிட்ட. இந்த எடத்தக் காக்குற சாமி. நீயும் கேளு."

"கேட்டா கணக்கு மாறிடுமா?"

பந்தை வீட்டிலேயே மறந்திருந்தார்கள். திருக்குமரன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

"வேணாம் லா. அது தொலஞ்சா எப்படி வீட்டுக்குப் போறது?"

"ரெண்டாவது செகண்ட்ல இருபது மீட்டர், அதான் உச்சம். நாலாவதுல என் கையில."

எறிந்தான். பிரமிளா படம்பிடித்தபடி எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு." சாவி வெயிலில் மின்னியது. "மூணு. நாலு."

அவன் கையை நீட்டினான்.

"அஞ்சு. ஆறு."

அண்ணாந்து பார்த்தான். மேலே மரமில்லை, கம்பியில்லை. சாவி அங்கேயே மின்னிக்கொண்டிருந்தது.

"உச்சம் சரியா வந்திருச்சு குமரா," என்றாள் பிரமிளா. "இருபது மீட்டர்தான்."

"காத்தா இருக்கும்."

ஓர் இலைகூட அசையவில்லை.

"முப்பத்தொண்ணு," என்றாள்.

வீடு இருக்கும் ஈப்போவுக்கு நாற்பது கிலோமீட்டர். திருக்குமரன் வீடியோவை நிறுத்தச் சொன்னான். அவள் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, அவள் கும்பிட்ட மூலையைப் பார்த்துக் குனிந்து, ஷூ லேஸை அவிழ்த்தான்.