திரும்பி வருவதற்கு ஒரு சண்டை

ஊர் நிலத்தையெல்லாம் அளந்து எல்லைக்கல் நட்டவருக்குத் தம் வீட்டு வாசலை அளக்கத் தெரியாமல் போனது எங்ஙனம் என்று, பனிமூட்டத்துக்குள் நடந்தபடியே, தச்சர் தம் சம்பந்தியிடம் மிகுந்த மரியாதையுடன் வினவினார்.

நில அளவையாளராயிருந்து ஓய்வு பெற்ற சம்பந்தியும் மரியாதையில் குறைந்தவரல்லர். கொடுத்த அளவுக்குள் ஓர் அலமாரியைச் செய்து முடிக்கவியலாத கைகளை வைத்துக்கொண்டு தச்சர் இத்தனை காலம் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று பணிவாகத் திருப்பிக் கேட்டார்.

வழக்கு இதுதான்.

மகளின் திருமணத்துக்குத் தச்சர் தம் கையாலேயே தேக்கில் ஓர் அலமாரி செய்து அனுப்பினார். அளவு, சம்பந்தி தொலைபேசியில் சொன்னது. அலமாரி வாசலுக்குள் நுழையவில்லை. சாய்த்து நுழைக்க நடையில் இடமுமில்லை. ஆகவே சம்பந்தி ரம்பத்தை எடுத்து அதன் கால்களை அறுத்துவிட்டார்.

செய்தி கேட்ட அன்றே, அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று தச்சர் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தார்.

மகளைப் பார்க்கத்தான் வழியில்லாமல் போயிற்று.

மலைமுகட்டு நடை அவளுடைய யோசனை. சரணாலயத்தின் வாயிலை அடைந்ததும் அவளுக்குச் செருப்பு கடித்தது. மருமகனுக்கு அவளைத் தனியே விட மனம் வரவில்லை. பெரியவர்கள் இருவர் மட்டும் போய்வரும்படி ஆயிற்று.

வனக்காவலர் முன்னதாகவே எச்சரித்தார். ஓரிடத்தில் முகடு சுவர் போலக் குறுகும் என்றும், ஒருவர் பின் ஒருவராகத்தான் கடக்க வேண்டும் என்றும், இருபுறமும் பாதாளம் என்றும், தலை சுற்றுகிறவர்கள் இங்கேயே இருந்துகொள்வதில் வெட்கமொன்றும் இல்லை என்றும் கூறினார்.

தச்சருக்கு ஏணியே ஆகாது. பரணில் ஏதேனும் எடுக்க வேண்டுமென்றால் மனைவியைத்தான் ஏற்றுவார்.

ஆனால் சம்பந்தி இருந்துகொள்ளவில்லை. எனவே அவராலும் இருந்துகொள்ள இயலவில்லை. அந்த இடம் வந்ததும் முழங்கால் வலி என்று சொல்லித் திரும்பிவிடலாம் என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தார்.

அந்த இடம் வரவேயில்லை.

சரளை சறுக்கியது, பனி அடர்ந்தது, வாதம் முற்றியது. ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும்படி ஓர் இரும்புக் கயிறு கூடவே வந்தது. இருவரின் கைகளும் அலமாரியின் உயரத்தைக் காற்றில் காட்டுவதில் முனைந்திருந்தமையால் அதை யாரும் தொடவில்லை.

கடைசியில் ஒரு தட்டைப் பாறை வந்தது. அதற்குமேல் வழியில்லை.

இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். சம்பந்தி தம் தண்ணீர்ப் புட்டியை முதலில் தச்சரிடம் நீட்டினார்.

அந்த ஒரு நீட்டலில் தச்சர் இளகிவிட்டார். அலமாரி ஒரு விரற்கடை கூடியிருந்தாலும் இருக்கலாம் என்றார். வாசலைத் தாமும் அவசரத்தில் அளந்திருக்கலாம் என்றார் சம்பந்தி. ஞாயிறன்று வந்து புதுக் கால்கள் பொருத்தித் தருவதாகத் தச்சர் வாக்களித்தார். சம்பந்தி அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

அப்போது பனி விலகியது.

அவர்கள் வந்த வழி தெரிந்தது. மதிற்சுவரின் மேல்விளிம்பு போல ஒரு பாறை நீண்டு கிடந்தது. அதன் இரு பக்கமும் ஒன்றுமேயில்லை. வெகு கீழே, காடு கொத்தமல்லிக் கட்டைப் போலக் கிடந்தது.

"இதுலயா வந்தோம்?" என்றார் சம்பந்தி, மெல்ல.

திரும்பிச் செல்லவும் அது ஒன்றே வழி. தச்சர் எழுந்திருக்க முயன்றார். அறுபட்ட அலமாரியைப் போல, கால் இருந்த இடத்தில் கால் இல்லை.

"சம்பந்தி, எனக்குக் காலே வரல. நீங்க போயி யாரையாவது அனுப்புங்க."

சம்பந்தி போகவில்லை. பாறையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், தச்சரைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. அலமாரி வாசல்ல நல்லாத்தான் நுழைஞ்சுது. உள்ள நிறுத்திப் பாத்தா, குட்டையன் கட்டைக்கால் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துது. சகிக்கல. அதான் அறுத்தேன்."

சொல்லிவிட்டு, வந்த வழியிலேயே விறுவிறுவென நடந்தார்.

தாம் எழுந்ததைத் தச்சர் அறியார். அந்தக் கால்கள் எப்படிக் கடையப்பட்டவை என்பதையும், ரம்பம் பிடிக்கத் தகுதியற்ற கை யாருடையது என்பதையும், சம்பந்தியின் கண்களுக்கு எத்தகைய வைத்தியம் தேவை என்பதையும் அவர் பின்னாலேயே சென்று விளக்கினார். மலை ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிச் சொன்னது. பறவைகள் கூட்டமாக எழுந்து வேறு மலைக்குப் போயின.

சம்பந்தி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சம்பந்தி, நிறுத்தாதீங்க" என்று மட்டும், நடுங்கும் குரலில், இடையிடையே கேட்டுக்கொண்டார்.

வாயிலில் காத்திருந்த மகள், மலையே அதிரக் கத்திக்கொண்டு இறங்கிவரும் இருவரையும் கண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறன்று தச்சர் புதுக் கால்களுடன் சம்பந்தி வீட்டுக்குச் சென்றார்.

எந்த வாசலின் உயரத்தையும் பார்த்த மாத்திரத்தில் நூல் பிசகாமல் சொல்லிவிடக்கூடியவர் தச்சர்.

சம்பந்தி கதவை அகலத் திறந்து வரவேற்றார். தச்சர் கண்களை இறுக மூடிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே நுழைந்தார்.