தூளிச் சேலையில் கறை

டிரையர் ஓடினால்தான் மாதுளாவின் குழந்தை தூங்கும். துணி இல்லாவிட்டாலும் அதை வெறுமனே ஓடவிடுவாள். தூளியைக்கூட அதன் பின்பக்கம், இதமாகச் சூடு வரும் மூலையில்தான் கட்டியிருந்தாள். துணி சரியாகக் காயவில்லையென்று இன்று வரவழைத்த மெக்கானிக் செபஸ்தியான், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினார். சத்தம் நின்றதும் குழந்தை சிணுங்கியது. மாதுளா ஒரு கையால் தூளியை ஆட்டினாள். உள்ளேயிருந்து பிடி பிடியாகத் துணிப்பஞ்சு வந்தது. நுனியெல்லாம் கரி.

"இதைச் சுத்தமே பண்ணலையாம்மா? பல தடவ பத்தி, தானா அணைஞ்சிருக்கு. காத்துக்குழாய் வேற கிழிஞ்சு கெடக்கு. நெருப்புப்பொறி அப்படியே வெளிய தெறிச்சிருக்கும்."

"எந்தப் பக்கம்?"

அவர் தூளியைப் பார்த்தார்.

மாதுளா குனிந்து பார்த்தாள். தூளிச் சேலையின் அடியில் பொட்டுப் பொட்டாகப் பழுப்புக் கறை. மருந்து சிந்திய கறையென்று நினைத்து எத்தனை முறை துவைத்திருப்பாள், எத்தனை முறை இதே டிரையரில் காயவைத்திருப்பாள்! ஆட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு கறையின் மேல் மெதுவாக விரலை வைத்தாள். துணி தடுக்கவேயில்லை. விரல் உள்ளே போய்க் குழந்தையின் முதுகைத் தொட்டது.