யாருக்கு எத்தனை துப்பாக்கி

“தமிழ் படிக்கத் தெரியும்தானே?” என்று ராமசுப்ரமணியன் கேட்டபோது ராஜாத்தி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “நல்லாத் தெரியும் சார்.”

பேசத்தான் தெரியும். அவளுடைய அம்மா சேலத்திலிருந்து வந்து தில்லியில் கட்டட வேலை செய்தவள். மணல் குவியலிலேயே வளர்ந்த ராஜாத்திக்குப் படிப்பு என்றால் பஸ் நம்பரும் செங்கல் எண்ணிக்கையும்தான். ஆனால் இது சென்னையிலிருந்து வந்த சினிமாக் கம்பெனியில் ஒரு மாத வேலை. தலையில் சட்டி கிடையாது, நிழலில் நிற்கலாம். படிக்கத் தெரியாது என்று தெரிந்தால் நாளைக்கே மறுபடியும் நாலாவது மாடிக்கு சிமென்ட் தூக்க வேண்டும்.

ராமசுப்ரமணியன் அந்தப் படத்தின் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை உருவி அவள் கையில் திணித்தார். போலீஸ் காமெடிப் படம், பெட்டியில் எட்டு டம்மித் துப்பாக்கி இருக்கிறது, எந்த வேஷத்துக்கு எது என்று எழுதியிருக்கிறேன், பார்த்துக் கொடு என்று சொல்லிவிட்டு, இன்னும் வந்து சேராத ஜெனரேட்டர் வண்டியைத் தேடி ஓடிவிட்டார்.

சீட்டில் நாலே வரி. முதல் வரியின் ஓரத்தில் 5. இரண்டாவதில் 2. மூன்றாவதில் ½. நாலாவதில் எண்ணே இல்லை.

ஒரே ஆளுக்கு ஐந்து துப்பாக்கியா? அரைத் துப்பாக்கி என்றால் என்ன? அவளுக்குத் தலை சுற்றியது.

அதற்குள் காக்கி உடுப்பில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஆர்.கே.புரத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து நடிக்கப் பிடித்து வந்தவர்கள், தில்லியிலேயே பிறந்தவர்கள். இன்ஸ்பெக்டர் வேஷத்தில் இருந்த சேஷு சர்க்கார் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். தங்கள் காலனியின் தமிழ்ச் சங்கத்துக்குத் தான்தான் செயலாளர் என்பதைக் காலையிலிருந்து மூன்று முறை சொல்லியாயிற்று. ஏட்டு வேஷம் சுந்தரேஷுக்கு, கான்ஸ்டபிள் வேஷம் சுபாஷிணிக்கு. இரண்டு பேரும் காலேஜ் முடித்தவர்கள்.

படித்தவர்களாயிற்றே என்று ராஜாத்தி சீட்டை நீட்டினாள். “வெயில்ல கண்ணு கூசுது சார். நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க.”

சேஷு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பெட்டியில் கிடந்த இரண்டு நீளத் துப்பாக்கிகளையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

“இதோ இன்ஸ்பெக்டர். ரெண்டு ரைஃபிள். தெளிவாப் போட்டிருக்கே.”

சுந்தரேஷும் அதே வரியில் விரலை வைத்தான். “அங்கிள், தேக்கோ, இங்க பாருங்க. இது ஏட்டு. ஏட்டுன்னுதான் எழுதியிருக்கு.”

ராஜாத்தி இரண்டு விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே வரி, அவருக்கு இன்ஸ்பெக்டர், இவனுக்கு ஏட்டு. தமிழ் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுமோ என்னவோ. கேட்டால் குட்டு உடைந்துவிடும். அவருக்கும் தலையாட்டினாள், இவனுக்கும் தலையாட்டினாள்.

முதல் வரியில் இருந்த 5 கண்ணில் பட்டதும் சுந்தரேஷ் இறங்கி வந்தான். அச்சா, ஏட்டு மேலே இருக்கிறது, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஐந்து கைத்துப்பாக்கிகளையும் அள்ளிக்கொண்டான். ஐந்தை எங்கே வைத்துக்கொள்வாய் என்று சுபாஷிணி கேட்டாள். இடுப்பில், சாக்ஸில், தொப்பிக்குள் என்று அதையும் பக்கத்தில் எழுதியிருப்பதாக அவன் சொன்னான்.

பெட்டியில் மிஞ்சியது ஒன்று. அதற்கும் குழாய் பாதி உடைந்திருந்தது. அரைத் துப்பாக்கி இதுதான் என்று ராஜாத்திக்கு அப்போதுதான் பிடிபட்டது. சுபாஷிணி முகத்தைச் சுளித்துக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தாள். “ம், லேடி கான்ஸ்டபிளுக்கு ஒடைஞ்சதுன்னுதான் இருக்கு” என்று அவளும் ஒப்புக்கொண்டாள். எண் இல்லாத நாலாவது வரி திருடனுக்கு என்று சேஷு தீர்ப்புச் சொன்னார்.

பெட்டி காலி. ராஜாத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அரைமணி கழித்து ராமசுப்ரமணியன் திரும்பி வந்தார். இன்ஸ்பெக்டரின் தோளுக்கு ஒன்றாக இரண்டு ரைஃபிள் தொங்கின. ஏட்டு நடக்க நடக்கக் காலிலிருந்து துப்பாக்கி விழுந்தது. அவர் ஒன்றும் புரியாமல் சீட்டைக் கேட்டார். ராஜாத்தி கொடுத்தாள். ஒருமுறை படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“இதைப் படிச்சா குடுத்தே?”

அவளுக்கு நாலாவது மாடியும் சாரமும் கண்முன் வந்துவிட்டன. தெரியாது சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

ரைஃபிள்களைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் சேஷு முந்திக்கொண்டார். “அவளை ஏன் சார் கேக்கறேள்? நாங்க மூணு பேரும் வரி வரியாப் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கிண்டோம்.”

மற்ற இருவரும், ஆமாம், அவரவருக்கு எழுதியிருந்ததைத்தான் எடுத்துக்கொண்டோம் என்றார்கள்.

ராமசுப்ரமணியன் அவர்களை ஒரு நிமிடம் பார்த்தார். இன்னொரு பையில் கைவிட்டு இன்னொரு சீட்டை எடுத்தார். அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, பழைய சீட்டை உரக்க வாசித்தார்.

“வெங்காயம் அஞ்சு கிலோ. பூசணிக்காய் ரெண்டு கிலோ. இஞ்சி அரைக் கிலோ. கறிவேப்பிலை.”

மூன்று போலீஸ்காரர்களும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ராமசுப்ரமணியன் ராஜாத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டு, “நான் வாசிக்கிறேன், நீ எடுத்துக் குடும்மா” என்றார்.