டி.வி. எத்தன இஞ்சுங்க?

காந்திபுரம் கம்ப்யூட்டர் கடையில் கவினுக்கு வியர்த்துக் கொட்டியது. தேர்வு தப்பானால் ஆயுசுக்கும் அவஸ்தை என்று அம்மா வழியெல்லாம் பயமுறுத்தியிருந்தாள்.

“டி.வி.யில எச்.டி. படம் பாக்கோணும்ங்க. எந்த லேப்டாப் நல்லா இருக்குமுங்க?”

“உங்க டி.வி. எத்தன இஞ்சுங்க?” என்றாள் விற்பனைப் பெண் நந்திதா.

“அது... பெருசுங்க.”

“எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்குங்களா?”

அம்மா குறுக்கே புகுந்தாள். “அதெல்லாம் இருக்கும் அம்மணி. நீ என்ன படிச்சிருக்கறே கண்ணு?”

நந்திதா லேப்டாப்பை மூடினாள். “ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாரீங்கன்னு அப்பா உங்க போட்டோவக் காட்டிட்டாருங்க. முன்கூட்டியே நோட்டம் பாக்க லேப்டாப் ஒரு சாக்குங்களா?”

கவின் மெல்லக் கேட்டான்: “அப்ப... ஞாயித்துக்கெழம வரலாமுங்களா?”

அவள் சிரிக்காமலே சொன்னாள்: “வாங்க. வரும்போது டி.வி. எத்தன இஞ்சுன்னு பாத்துட்டு வாங்க.”