'காட்டாதே' என்று ஒரு டிக்

மூன்று மாதமாகப் புதிதாக ஒரு பல்கூட அந்தக் கிளினிக்கின் படியேறவில்லை.

பெரிய டாக்டர் அம்மா. சின்ன டாக்டர் மனைவி. நடுவில் ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவன் மகன். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளத்துக்குச் சம்பளமும் கிடையாது.

வெப்சைட்டைச் சரிபார்க்க வந்த பெண் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

"சார், ஒரே வேலைக்கு ரெண்டு ப்ளகின், அதான் வெப்சைட்டோட ஒட்டிவைக்கிற குட்டி சாஃப்ட்வேர், ஓடுது. ஒரே உறையில ரெண்டு கத்தி. ரெண்டும் ஆளுக்கொரு சைட்மேப் கொடுக்குது."

"சைட்மேப்னா?"

"எங்ககிட்ட இந்தப் பக்கமெல்லாம் இருக்கு, வந்து பாருங்கன்னு கூகுளுக்குக் கொடுக்கிற லிஸ்ட். ஒரு லிஸ்ட்ல பெரிய டாக்டர் பக்கம் இல்ல. இன்னொண்ணுல சின்ன டாக்டர் பக்கம் இல்ல."

"தானா விட்டுப்போயிருக்குமோ?"

"இல்ல சார், வேணும்னே 'காட்டாதே'ன்னு டிக் போட்டிருக்காங்க. ஒரு ப்ளகின் வாங்கன்னு கூப்பிடுது, இன்னொண்ணு போங்கன்னு துரத்துது. கடைசியில ரெண்டு டாக்டருமே கூகுள்ல இல்ல."

"யார் போட்டது?"

"ஒரு ப்ளகின் பெரியவங்க லாகின்ல ஏறியிருக்கு. இன்னொண்ணு சின்னவங்க லாகின்ல."

அவனுக்குக் காது சுட்டது. மாமியாரும் மருமகளும் கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விட்டார்கள்!

போன வாரம் அம்மா, "வர்றவங்களை அவகிட்டயே அனுப்புடா" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தான். அன்று சாயங்காலமே மனைவி, "அத்தைகிட்டயே அனுப்புங்க, எனக்கென்ன அவசரம்" என்றாள். முறுக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தான். இப்போது ஆதாரமே கிடைத்துவிட்டது.

அடுத்த தெருவில் மனைவிக்குத் தனியாகக் கிளினிக் வைக்க ரூம் பார்த்திருந்தான். ஒப்பந்தப் பத்திரம் டிராயரில் இருந்தது. நாலு மணிக்குக் கையெழுத்து. ரெண்டு பேரிடமும் மூச்சுவிடவில்லை. கிளினிக் ரெண்டானால் வீடும் ரெண்டாகும் என்று அவனுக்குத் தெரியும். வேறு வழி?

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். கையுறையோடு அம்மா வந்தாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு மனைவி வந்தாள்.

"வெப்சைட்ல யார் யாரை மறைச்சீங்க? வெளியாள் முன்னாடி கேக்கிறானேன்னு பார்க்காதீங்க. மானம் ஏற்கெனவே போயாச்சு."

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான்தான்டா. என் பேரு முன்னாடி நிக்கிற வரைக்கும் இவகிட்ட யாருடா வருவா? இருபத்தெட்டு வருஷம் பார்த்தாச்சு, போதும். அதான் என் பக்கத்தை எடுத்துட்டேன்."

"உன் பக்கத்தையா?"

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அத்தை! அதனாலதானா? திடீர்னு புதுசா வர்றவங்க எல்லாரும் என்னையே கேட்டாங்க. நீங்க ஒருநாள் மத்தியானம் பூரா சும்மா உட்கார்ந்திருந்தீங்க. எனக்குத் தாங்கலை. அதான் தனியா ஒரு ப்ளகின் போட்டு என் பக்கத்தை எடுத்துட்டேன்!"

"பைத்தியமாடி உனக்கு? இப்பத்தான் தலையெடுக்கிற வயசு!"

"உங்களை ஓரங்கட்டிட்டுத் தலையெடுக்கணுமா?"

வெப்சைட் பெண் மெல்லக் கேட்டாள். "ரெண்டு ப்ளகின்ல ஒண்ணை எடுத்தாகணும். யார் பக்கத்தைக் காட்டட்டும்?"

"அவளோடதை."

"அத்தையோடதை."

ஒரே மூச்சில் வந்தது. அதற்கும் ஒரு சண்டை தொடங்கியது.

அவன் சத்தமில்லாமல் டிராயரைத் திறந்தான். இந்த வீட்டில் மூன்று பேருமே ஒவ்வொன்றை மறைத்திருந்தார்கள். வெட்கப்படும்படி மறைத்தவன் அவன் ஒருவன்தான். பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்தான்.

"என்னடா அது?" என்றாள் அம்மா, சண்டையின் நடுவிலேயே.

"சொத்தைம்மா. பிடுங்கியாச்சு."