சீசருக்குச் சுட்ட பிஸ்கட்

சமையலறையில் கரடி நின்றுகொண்டிருந்தது.

ஜெஸிந்தா முதலில் பார்த்தது அதன் முதுகைத்தான். மேடைமேல் முன்னங்கால்களை ஊன்றி, தட்டில் ஆற வைத்திருந்த பிஸ்கட்டுகளைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தது. பின்கதவு பெயர்ந்து தொங்கியது.

நடக்கக் கூட்டிப்போன நாயோடு அப்போதுதான் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்திருந்தாள். குரைக்கப் போன சீசரின் வாயை இறுக்கிப் பிடித்து, வாசலுக்குத் திரும்பத் தோன்றாமல் பக்கத்துப் படுக்கையறைக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சே வந்தது.

எஸ்டேட் குவார்ட்டர்ஸ் கதவு. வெள்ளைக்காரன் காலத்துப் பலகை. கரடி ஒரு தள்ளு தள்ளினால் போயிற்று. ஜன்னல் வழியாகப் போகலாமென்றால் இரும்புக் கம்பி.

போனில் கிசுகிசுத்தாள். ஃபேக்டரியில் இருந்த கணவன் ஞானசீலனுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஜெஸி, சத்தம் மட்டும் போடாத. தின்னு முடிச்சா அதுவே போயிரும். பாரஸ்ட்காரங்களுக்குச் சொல்லிட்டேன், ஜீப்புல நானும் வந்துட்டே இருக்கேன். வெடி போட்டு வெரட்டிரலாம்."

சத்தம் போடாமல் இருப்பது அவள் கையிலா இருக்கிறது? சீசர் ஒரு குரை குரைத்தால் போதும். நாய்ச் சத்தம் கேட்ட கரடி ஓடாது, பாயும். எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது.

ஸ்வெட்டர் பையில் நாலைந்து பிஸ்கட் கிடந்தது. ஒன்றை எடுத்துச் சீசரின் வாயில் திணித்தாள். மென்றுகொண்டிருக்கும் நாய் குரைக்காது.

எல்லாம் அவளே இழுத்துக்கொண்ட வினை. சீசருக்கு உடம்பெல்லாம் அரிப்பு, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குன்னூர் கடையில் தீனிப் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தாள். பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. என் வாயில் நுழையாததை இதன் வயிற்றுக்குள் தள்ளுவானேன் என்று அன்றோடு பாக்கெட்டுக்கு முழுக்குப் போட்டாள்.

கேழ்வரகு மாவு, வறுத்த வேர்க்கடலை, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், கொஞ்சம் மலைத்தேன். அத்தனையும் இயற்கை. சீசருக்கு முடி மினுமினுவென்று வளர்ந்துவிட்டது.

"நாய்க்குப் பலகாரம் சுடற ஊடு இந்த லைன்லயே உங்க ஊடுதானுங்க டீச்சர்" என்று பக்கத்து வீட்டு மரகதம் கேலி செய்வாள். அதில் ஜெஸிந்தாவுக்குப் பெருமைதான்.

போன மாதம் மாரியம்மன் கோயில் கதவை உடைத்து, விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருந்தது ஒரு கரடி. அன்றே எண்ணெய்ப் பாட்டிலையும் தேனையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஆனால் அதே எண்ணெயும் தேனும் ஊற்றிப் பிசைந்து சுட்டதைத் தட்டில் பரப்பி, காற்றாட ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டுப் போனாள். நாய்த் தீனிதானே என்று நினைத்தாள். அட புத்தி கெட்டவளே!

பாத்திரம் ஒன்று உருண்டது. சீசர் திமிறினான். கட்டிலுக்கு அடியில் போய் நுழையப் பார்த்தான். பயந்த நாய் ஒளிய இடம் தேடுகிறது என்று அவள் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். இன்னொரு பிஸ்கட். இன்னொன்று. அவன் மென்றானே தவிர, அவன் உடம்பு விறைத்தே இருந்தது.

"கர்த்தாவே, இது தின்னு தொலைச்சுட்டுப் போகட்டும்" என்று உதடு அசைத்தாள்.

தட்டு தரையில் விழுந்தது. நக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

தின்று முடித்துவிட்டது. இனி போய்விடும்.

போகவில்லை.

அறை அறையாக நடந்தது. நகங்கள் சிமெண்டுத் தரையில் உரசின. மூச்சு கதவுக்கே வந்துவிட்டது. கீழ் இடுக்கில் மோந்தது. கறுத்த மூக்கு நுனி அவள் சேலை விளிம்பைத் தொட்டது.

ஜெஸிந்தா சேலையைச் சுருட்டி இழுத்துக்கொண்டாள். பையில் கைவிட்டாள். தூள்தான் இருந்தது. விரலில் ஒட்டியதை நீட்டினாள். சீசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வயிறு நிரம்பியும் இதற்கு இங்கே என்ன வேலை?

கதவு ஒருமுறை அதிர்ந்தது. தாழ்ப்பாளின் ஆணி ஒன்று கழன்று அவள் தோளில் விழுந்தது. அப்போது கரடி குரல் கொடுத்தது. உறுமல் இல்லை. தேம்பலைப்போல, மெல்ல, இழுத்து இழுத்து.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் அதற்குப் பதில் சொன்னது.

அவள் மெதுவாகக் குனிந்து பார்த்தாள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு குட்டி. மோவாயெல்லாம் பிஸ்கட் தூள். கண்ணை உருட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

சீசர் இவ்வளவு நேரமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயோ, இவ்வளவு நேரம் கரடியை வெளியில் வைத்துப் பூட்டவில்லை. அதன் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

வளைவில் ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. மறுபடி ஞானசீலனைக் கூப்பிட்டு, போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஏனுங்க, வெடி போட வேண்டாம்னு சொல்லுங்க. யாரும் கிட்ட வராதீங்க."

அவர் ஏன் என்று கேட்டதைக் காதில் வாங்காமல் போனை அணைத்தாள். எழுந்தாள். சீசரை மார்போடு தூக்கிக்கொண்டு, கதவு உள்பக்கமாகத் திறந்தால் தன்னை மறைக்கும் மூலையில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். ஒரு கையால் அவன் வாயை மூடினாள்.

மறு கையால் தாழ்ப்பாளை நீக்கினாள்.