ஜூன் மாச லீவு

தலையில வச்ச எண்ணெய் வழிஞ்சு கண்ணுக்குள்ள எறங்கிட்டு. ஆனாலும் குற்றாலிங்கம் வரிசைய விட்டு நகரல.

முன்னால இன்னும் நாப்பது பேரு. அதுக்கு அங்கிட்டு மெயின் அருவி, பாறை தெரியாமக் கொட்டுது.

கம்பிக்கு அந்தப் பக்கம் பொம்பளையாளுக வரிசை. பொஞ்சாதி குழல்வாய்மொழி அங்கன முன்னாலேயே போய்ச் சேந்துட்டா. ஆனா அருவிக்குள்ள எறங்காம, கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நனையணும். அதான் பேச்சு.

பேசி பத்தொம்பது வருசம் ஆச்சு.

பங்குனியில கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளையா வந்து பாத்தா அருவியில ஒரு சொட்டு இல்ல. வெறும் பாறை. "அடுத்த சீசனுக்கு வந்து குளிப்போம்ட்டி"ன்னுட்டு மஸ்கட்டுக்குப் பிளைட்டு ஏறுனவரு. அப்புறம் எப்ப லீவுல வந்தாலும் மார்ச்சு மாசந்தான். பாறைக்கு முன்னால நின்னு நின்னு எடுத்த போட்டோ மட்டும் வீட்டுல பதினெட்டு இருக்கு. ரெண்டு பேருந்தான் வருசத்துக்கு வருசம் குண்டாயிருக்காங்க. பாறை அப்படியே இருக்கு.

இத்தனைக்கும் குத்தாலத்துச் சாமி பேரு அவருக்கு, அம்மன் பேரு அவளுக்கு. சாமியும் அம்மனும் அருவிக்குப் பக்கத்துலயே குடியிருக்காங்க. இவங்களுக்குத்தான் வாய்க்கல.

எல்லாத்துக்கும் காரணம் ஜெபசிங். சுரண்டைக்காரரு, மஸ்கட்டுல ஒரே ஸ்டோர்ல கூட வேலை. ஒருத்தர் லீவுல போனா இன்னொருத்தர் அங்க இருந்தாகணும். ஜூன் வந்துச்சுன்னா ஜெபசிங்குக்கு ஒரு காரியமும் கூடவே வந்துரும். மகளைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். மகனைச் சேக்கணும். வீடு பால்காய்ப்பு. மகளைக் காலேஜ்ல சேக்கணும்.

"குத்தாலம், நீ மார்ச்சுல போயேன்"ம்பாரு. இவரும் சரிம்பாரு.

அதனால இப்ப வரிசையில நின்னுக்கிட்டே, கல்யாணத்தப்ப இருந்த அந்த இருவத்தேழு வயசு குற்றாலிங்கத்துக்கு மனசுக்குள்ள புத்தி சொல்லிக்கிட்டு இருந்தாரு.

ஏலே, மீசையெல்லாம் நல்லாத்தான் வச்சிருக்க. வாயத் தொறந்து 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லப் பழகுலே. ஒண்ணும் ஆகாது. இந்த வருசம் நான் சொல்லலியா?

நெசத்துல சொல்லல.

மூணு நாளு பாத்ரூம் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பழகிட்டு ஜெபசிங் ரூமுக்குப் போனா, இவரு வாயத் தொறக்கும் முன்ன அவரே, "இந்த ஜூனுக்கு நீ போயிட்டு வாய்யா"ன்னுட்டாரு. ஆனா ஊருக்கு வந்து வாய்மொழிகிட்ட, "மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுட்டேன்ட்டி"ன்னுதான் சொல்லி வச்சிருக்காரு. அவளும் கன்னத்துல கை வச்சு, "அப்படியா சொன்னிய!"ன்னு கேட்டுக்கிட்டா.

வந்த பொறவாவது அருவி ஒழுங்கா இருந்துச்சா? மொத பத்து நாளு தண்ணி இல்ல. அப்புறம் வெள்ளம், குளிக்கத் தடை. இன்னைக்குக் காலையில பத்து மணிக்குத்தான் கயித்த அவுத்தாங்க. நாளைக்குத் திருவனந்தபுரத்துல பிளைட்டு. மலை மேல மறுபடியும் கருக்குது. சைரன் ஊதுனா அம்புட்டுப் பேரையும் வெளிய வெரட்டிருவாங்க.

பின்னால இருந்து ஒருத்தர் தோளத் தட்டுனாரு.

"அண்ணாச்சி, எங்க பஸ்ஸு கெளம்பப் போவுது. கொஞ்சம் முன்ன விடுதியளா?"

விட்டாரு.

அடுத்து ஒருத்தர், கூட வந்தவன் முன்னால போயிட்டான்னாரு. அவரையும் விட்டாரு. மூணாவது ஆளு ஒண்ணுமே கேக்கல, பாத்துச் சிரிச்சான். அவனையும் விட்டாரு.

நாலாவதா ஒரு தொப்பைக்காரரு வந்து தோள்ல கை வச்சாரு. குற்றாலிங்கம் வாயத் தொறந்தாரு. "மு..." வரைக்கும் வந்துட்டு.

"ஏங்க! அங்கன என்ன தர்மசத்திரமா நடத்துதிய? ஏ தொப்பை அண்ணாச்சி, அவர விடும்! பத்தொம்பது வருசமா வரிசையில நிக்காரு!"

அருவிச் சத்தத்தையும் தாண்டி வந்த வாய்மொழி சத்தம். வரிசை மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு, கொல்லுன்னு சிரிச்சுச்சு. தொப்பைக்காரருதான் மொதல்ல ஒதுங்குனாரு. "போங்க அண்ணாச்சி, வீட்டுல இருந்து ஆர்டர் வந்துட்டு"ன்னு யாரோ முதுகுல கை வச்சுத் தள்ள, தள்ளு மேல தள்ளு விழுந்து, அருவிக்கு ஒரு எட்டு முன்னால வந்து நின்னாரு.

சாரல் மூஞ்சியில அடிச்சுது.

"இருங்க, இருங்க!" வாய்மொழி பிளாஸ்டிக் கவருக்குள்ள கெடந்த போனை ஒசத்திக் காட்டுனா. "ஜெபசிங் அண்ணன் லைன்ல இருக்காரு! நீங்க நனையுததப் பாக்கணுமாம்!"

கவருக்குள்ள மங்கலா ஒரு மூஞ்சி, மஸ்கட்டுல இருந்து பல்லக் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

குற்றாலிங்கம் கைய ஆட்டுனாரு. ஆட்டுன கை பாதியில நின்னுட்டு.

இவகிட்ட ஜெபசிங் நம்பர் எப்படி?

போன மார்கழியில தன் போன் கெட்டுப்போயி, ஜெபசிங் போன்ல இருந்து வீட்டுக்குப் பேசுனது ஞாபகம் வந்துச்சு. ஒரே ஒருக்கா.

வாய்மொழி போனைப் பக்கத்துல நின்ன பொம்பளைகிட்டக் குடுத்தா. முந்தானைய இழுத்துச் சொருகுனா. ஒண்ணும் தெரியாதவ மாதிரி இவரப் பாத்து, "ம்"ன்னு தலைய ஆட்டுனா. கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு எட்டு, அந்தப் பக்கம் ஒரு எட்டு.

தண்ணி உச்சந்தலையில மொத்து மொத்துன்னு மொத்துச்சு. அந்த அடிக்குள்ள நின்னு சிரிச்சுக்கிட்டே, அந்த மீசைக்காரப் பயல மறுபடியும் கூப்பிட்டாரு.

ஏலே, முடியாதுன்னு சொல்ல ஒனக்கு வராது, விட்டுரு. மொத வருசமே ஜெபசிங் நம்பர அவகிட்டக் குடுத்துரு.